நான் சொல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்

எழுபத்தாறாம் வருடம், ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்து வேலைக்குத் திரும்பிய காலை அது. திருவொற்றியூரில் கடலை ஒட்டி இருந்த ஒரு பெரிய தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ராயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். அன்று ஜன்னலோர சீட் கிடைத்தது. இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன். என் ஜோசியம் எப்போதுமே அந்த லட்சணம்தான்.

கம்ப்யூட்டர் என்றதும் மேஜை மேல் வைக்கிற டப்பாவை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நின்றது. வரிசையாக இரும்பு பீரோக்களை நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். வெளிநாட்டில் யாரோ ஆசை தீர உழைக்க வைத்துவிட்டுக் கழித்துப் போட்டதை, கப்பலில் ஏற்றி எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். ஹாலின் மூலையில், ஒரு பக்கம் மட்டும் சுவரை ஒட்டி நின்ற பீரோதான் பவர் சப்ளை. வெளியிலிருந்து வருகிற முரட்டு மின்சாரத்தை வாங்கி, மற்ற பீரோக்களுக்கு எது எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. வீட்டில் சமையலறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நின்றால் மொத்தக் குடும்பமும் பட்டினி.

நான் ரேடியோ இன்ஜினியரிங் டிப்ளமோ படித்தவள். ஆனால் சேர்ந்தது துளையிட்ட கார்டு போட்டு மிஷின் ஓட்டுகிற வேலைக்கு. சில்லறைக் கோளாறு வந்தால் ஸ்க்ரூ டிரைவரோடு என்னைக் கூப்பிடுவார்கள். பெரிய கோளாறென்றால் மிஷினை விற்றவர்களின் இன்ஜினியர் பம்பாயிலிருந்து வருவார். சர்க்யூட் படங்களைப் பூட்டுப் போட்ட தோல்பையில் கொண்டுவந்து, பார்த்துவிட்டு, அதே பையில் கொண்டுபோவார். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைப் பையனை முறைக்கிற மாமனார் மாதிரி முறைத்தார். அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். லேத், கிரேன், டைப்ரைட்டர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு ஓய்வு கொடுப்பார்கள். கம்ப்யூட்டருக்கும் அப்படியே. எங்கள் மானேஜர் நெற்றி நிறைய விபூதி வைக்கிறவர், நல்ல மனிதர். வருஷா வருஷம் கம்ப்யூட்டருக்குத் தன் கையாலேயே பூஜை செய்வார். அந்த வருஷம் பவர் சப்ளை பீரோவுக்கென்று பூக்கடையில் சொல்லிவைத்து, ஜிகினா மினுங்குகிற பெரிய ரோஜா மாலை வாங்கிவந்திருந்தார். சக்தி புறப்படுகிற இடம் அதுதானே என்றார். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். தள்ளி நின்று கைகட்டிப் பார்த்துவிட்டு, பொரி கடலையை மட்டும் பாகுபாடு பார்க்காமல் சாப்பிட்டேன்.

அந்தப் பூஜைக்கு வராத ஒரே ஆள் எங்கள் பகுதிக்கான எலெக்ட்ரீஷியன். யூனியன் கமிட்டியில் இருந்தவர். கம்ப்யூட்டர் வந்தால் குமாஸ்தாக்கள் வேலை போய்விடும் என்று யூனியன் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தது. வெளிவாசல் கூட்டத்தில் இவர்தான் உரக்கப் பேசுவார். ஒரு தடவை நான் அந்த வழியாகப் போகும்போது, என் காதில் விழ வேண்டும் என்றே, “நாலு பேரு சோத்தத் துன்ற மிசினுக்கு இந்தம்மா ஆயா வேல பாக்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. அதற்கப்புறம் அவர் எதிரே வந்தால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு போவேன்.

அன்று காலை, விதிப்படி அவர்தான் வெளி வராந்தாவில் இருந்த மெயின் போர்டில் சுவிட்சைப் போட்டார். எங்கள் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனைத் தவிர வேறு யாரும் மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது. உள்ளே நான் நின்றிருந்தேன். பீரோக்களுக்குள் சூடு தணிக்க வைத்திருந்த மின்விசிறிகள் உறுமிக்கொண்டு எழுந்தன. மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். மூலை பீரோவுக்குள் பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம், அப்புறம் இருட்டு. கருகின நாற்றம் தொண்டையை அடைத்தது. நான் எப்படி வராந்தாவுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புகை அடங்கியதும் மானேஜர் டார்ச் எடுத்துப் பின் கதவைத் திறந்தார். பீரோவின் அடித்தளத்தில் வெள்ளியாக ஏதோ மின்னியது. எடுத்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு, ஒரு முனை உருகி உருண்டை கட்டியிருந்தது. ஃபியூஸ் கம்பி மாதிரியே இருந்தது. ஃபியூஸ் கம்பிச் சுருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிற ஆள் யார்? எலெக்ட்ரீஷியன். லீவில் மெயினை அணைத்துப் பூட்டிச் சாவி வைத்திருந்தது யார்? அவரே. பூஜைக்கு வராமல் வம்பு பண்ணினது? அதுவும் அவரே. மானேஜர் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டினார். அந்த நிமிஷம் நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

எலெக்ட்ரீஷியனைக் கொண்டுபோய் கேட்டை ஒட்டிய செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்தார்கள். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. யூனியன்காரர் ஒருவரை நாசவேலை என்ற வார்த்தையோடு போலீசில் ஒப்படைத்தால், ஆள் எப்போது திரும்புவார் என்று விசாரிக்கவே ஜனங்கள் பயந்தார்கள். ஜெனரல் மானேஜர் வெளியூரிலிருந்து சாயங்காலம் வருகிறார், அவர் கையெழுத்துப் போட்டதும் போலீசுக்குப் போன் என்று முடிவாயிற்று.

எனக்கு என்ன வந்தது என்று இருந்திருக்கலாம். ஆனால் மத்தியானம் கேட்டுப் பக்கம் போனபோது அவருடைய மனைவி மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எங்கள் தெருவில் மீன் விற்கிறவள். அவளிடம்தான் நான் வெள்ளிக்கிழமை தவறாமல் சங்கராவோ வவ்வாலோ வாங்குவேன். இந்த ஆளின் மனைவி அவள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். கூடையில் மீன் அப்படியே இருந்தது. செய்தி கேட்டு விற்காமலே ஓடிவந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை.

“அவுருக்கு வாயிதான்மா பெருசு. கை சுத்தம்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் திரும்பி வந்து மானேஜரிடம், சாயங்காலத்துக்குள் நான் அந்தப் பீரோவைப் பிரித்துப் பார்க்கிறேன், என்ன நடந்தது என்று தெரியாமல் யாரையும் போலீசில் கொடுக்காதீர்கள் என்றேன். சர்க்யூட் படம் இல்லாமல் எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கோ ஜெனரல் மானேஜர் வரும்போது மிஷின் ஓடினால் போதும் என்று இருந்தது. சரி என்றார்.

முதலில் கண்டென்சர்கள். ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒவ்வொன்றும். மின்சாரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். சுவிட்சை அணைத்து மணிக்கணக்கானாலும் சும்மா இருக்கிற மாதிரி இருந்து, தொட்டால் தூக்கி அடிக்கும். வயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக அதன் சக்தியை இறக்கினேன். ஒன்றில் பொறி பறந்து ஸ்க்ரூ டிரைவர் முனையே குழிந்துபோயிற்று. என் விரலாக இருந்தால் என்று யோசிக்காமல் இருக்க அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே வேலையைப் பார்த்தேன்.

அப்புறம் வயர்கள். படம் இல்லையென்றால் நாமே வரைந்துகொள்ள வேண்டியதுதான். பிரிண்டரின் அகலக் காகிதத்தைத் தரையில் விரித்து, சிவப்பு வயர் எங்கே போகிறது, வெள்ளையில் நீலக்கோடு எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பின்தொடர்ந்து கோடு போட்டேன். அந்தக் காலத்து ஆசாமிகள் வயர்களைச் சணல் நூலால் பின்னலாகக் கட்டியிருந்தார்கள். பின்னலுக்குள் சிவப்பாகப் போவது வெளியே வரும்போது வேறு இரண்டு சிவப்போடு வரும். எது நம் சிவப்பு? மீட்டரின் ஒரு முனையை இங்கே, ஒரு முனையை அங்கே வைத்து, முள் ஆடுகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏ.சி. வேறு நின்றுபோயிருந்தது. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து கண்ணில் இறங்க, எதையாவது தப்பாக இணைத்தால் பவர் சப்ளையோடு போகாது, மொத்த மிஷினும் கருகும் என்று ஒவ்வொரு வயரையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கடைசியில் ஒரு டயோடு உள்ளுக்குள்ளேயே ஒட்டிப்போய் செத்திருப்பது தெரிந்தது. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போக விடுகிற பாகம் அது. இப்போது இரண்டு பக்கமும் திறந்துவிட்டிருந்தது. மற்றவை பிழைத்திருந்தன. ஆனால் என்னைக் குழப்பியது வேறு. பொறி பறந்த இடம், மேலே ஓடிய இரண்டு செப்புப் பட்டைகள். அங்கேதான் கரி அப்பியிருந்தது. அந்த இடத்துக்குப் பின் கதவு வழியாகக் கையை விட்டேன். என் ஒல்லிக் கையே முழங்கையோடு சிக்கிக்கொண்டது. எலெக்ட்ரீஷியன் கை என் கை போல இரண்டு இருக்கும். வேண்டுமென்றே கம்பியை வைக்கிறவர், வசதியாகக் கை போகிற இடங்களை விட்டுவிட்டு, போகவே போகாத இடத்தில் ஏன் வைக்கிறார்? எப்படி வைக்கிறார்? பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டயோடுக்கு மாற்று எங்கே போவது? பொருள் தூக்குகிற பாட்டரி வண்டிகளுக்கு சார்ஜர் ஒன்று கிடங்கில் பழுதாகிக் கிடந்தது ஞாபகம் வந்தது. அதில் அதே மாதிரி தடியான டயோடுகள் உண்டு. ஆள் அனுப்பிக் கழற்றிக்கொண்டுவந்து, எந்தப் பக்கம் விடுகிறது, எந்தப் பக்கம் தடுக்கிறது என்று மீட்டரில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருத்தினேன்.

இனி சுவிட்ச் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேதான் புதுச் சிக்கல். எலெக்ட்ரீஷியன்தான் மெயினைத் தொடலாம். மற்ற எலெக்ட்ரீஷியன்களோ, எங்கள் ஆளைத் திருடன் மாதிரி உட்கார வைத்திருக்கிற வரைக்கும் அந்த ஹாலுக்குள் கால் வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். அவரைக் கூப்பிடுங்கள் என்றேன். மானேஜர் என்னைப் பைத்தியம் என்கிற மாதிரி பார்த்தார். “ஏம்மா, உள்ள கை விடப்போறது நீ. சுவிட்ச்ல அவன் கையா?” என்று கேட்டார்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கூப்பிட்டது அவர் மேல் நம்பிக்கை வைத்து இல்லை. வேறு வழி இல்லை, நேரம் போய்க்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் கூட்டிக்கொண்டு வந்தார். எலெக்ட்ரீஷியன் முகம் வெளிறி, ஒரே நாளில் மெலிந்துபோன மாதிரி இருந்தது. என்னை நேராகப் பார்த்தார். நான் செய்யப்போவதைச் சொன்னேன். நூறு வாட் பல்பு ஒன்றை லைன் உள்ளே போகிற வழியில் நடுவே போட்டிருக்கிறேன். உள்ளே இன்னும் கோளாறு இருந்தால் பல்பு முழுசாக எரியும், மிஷின் தப்பிக்கும். கோளாறு இல்லையென்றால் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் ஆபீஸில் பேசுகிற தமிழ் அப்போது என்னை விட்டுப் போயிருந்தது. வீட்டில் பேசுவதே வாயில் வந்தது.

“நான் சொல்லாம சுச்சு போடாதீங்க அண்ணே. யாரு இன்னா சொன்னாலும்” என்றேன்.

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராந்தாவுக்குப் போனார். ஹால் கதவு திறந்திருந்ததால் மெயின் போர்டின் கைப்பிடியைப் பிடித்தபடி அவர் நிற்பது எனக்குத் தெரிந்தது.

ஃபியூஸ்களைச் சொருகினேன். பீரோவின் பின் கதவைச் சாத்தப் போகும்போது, லைன் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு நட்டு லூசாக இருப்பது கண்ணில் பட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். அதே நேரம் மானேஜர் மேஜையில் போன் அடித்தது. ஜெனரல் மானேஜரின் கார் கேட்டுக்குள் வந்துவிட்டதாம். போனைக்கூடச் சரியாக வைக்கவில்லை, மானேஜர் பதறிக்கொண்டு வராந்தா பக்கம் திரும்பிக் கத்தினார்.

“வந்துட்டார்யா. போடு, போடு, சுவிட்ச் போடு.”

நான் பீரோவின் பின்னால் இருந்தேன். என் கை உள்ளே இருப்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. கையை இழுக்கிறேன், புடவை முந்தானை ஸ்பேனரோடு நட்டில் மாட்டிக்கொண்டது. விரலுக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி அகலம்கூட இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அம்மா ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காலையில் காப்பி ஆறிப்போச்சு என்று அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு வந்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மானேஜர் மறுபடியும் கத்தினார். “காது கேக்கலையாய்யா? நான் சொல்றேன், போடு.”

வராந்தாவிலிருந்து குரல் வந்தது. சத்தமில்லாமல், நிதானமாக வந்தது. “உள்ள கை வெச்சிக்கினு கீறவங்க சொல்லணும் சார். நீங்க சொன்னா ஆவாது.”

“நான் மானேஜர் சொல்றேன்.”

“கவர்னரே வந்து சொன்னாலும் ஆவாது சார்.”

முந்தானையைக் கிழித்துக்கொண்டு கையை வெளியே எடுத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மானேஜர் அப்போதுதான் எட்டிப் பார்த்தார். என் கிழிந்த முந்தானையையும், உள்ளே தொங்கிய ஸ்பேனரையும் பார்த்து அவருக்கு விபூதிக்கு அடியில் முகமே வெளுத்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டார். எலெக்ட்ரீஷியன் சுவிட்சை விட்டு நகரவே இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சாக்காக வைத்து என்னைக் கொன்றிருக்கலாம். மானேஜர் சொன்னார், போட்டேன் என்று கையை விரித்திருந்தால் யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்க முடியாது. இந்த ஆள் ஒளிந்து நின்று கம்பி வைக்கிறவர் இல்லை என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரிந்து என்ன செய்ய? மானேஜர் பையில் அந்தக் கம்பித் துண்டு இருந்ததே.

நட்டை முடுக்கி, ஸ்பேனரை வெளியே எடுத்தேன். ஒரேயடியாக எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் பீரோவின் மின்விசிறிக்கு மட்டும் லைன் கொடுத்து, மற்றதைக் கழற்றி வைத்தேன். கொஞ்சம் காற்றாவது வரட்டும், மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டியபடி, “இப்ப போடுங்க அண்ணே” என்றேன்.

விசிறி உறுமி எழுந்தது. கூடவே சரசரவென்று ஏதோ உரசுகிற சத்தம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வந்தது. டார்ச்சை அந்த இடுக்கில் அடித்தேன்.

மானேஜர் போட்ட மாலை பீரோவின் தலையில் அப்படியே இருந்தது. பூஜைக்குப் போட்ட மாலையை வாடி உதிர்கிற வரைக்கும் யாரும் எடுக்க மாட்டோம் இல்லையா? காலையிலிருந்து அத்தனை பேர் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தோம், மாலையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதன் ஒரு நுனி சுவர்ப் பக்கமாகத் தொங்கியது. பீரோ காற்று இழுக்கிற ஜன்னல் கம்பிகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. அதற்கு ஒரு ஸ்பாஞ்சு வடிகட்டி உண்டு. எங்கள் கடல் காற்றில் அது எப்போதோ பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தது, மாற்று வரவில்லை. இப்போது விசிறி ஓட ஓட, மாலையின் நுனி மெல்லத் தலையைத் தூக்கி, ஜன்னல் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து ஒரு ஜிகினா இழை, வெள்ளியாக மினுங்கிக்கொண்டு, கம்பிகளுக்கு நடுவே உள்ளே போயிற்று. கரி அப்பிய அந்த இரண்டு செப்புப் பட்டைகளுக்கும் மேலே நின்று ஆடியது. பக்கத்தில் இன்னொரு இழை பாதியில் அறுந்து, நுனி உருகி உருண்டை கட்டியிருந்தது.

“சார், இங்க வாங்க” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பூஜை மாலையால் வந்தது என்று ஒரு வேதக்காரி வாய் திறந்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா?

சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. மானேஜர் இடுக்கில் தலையை நுழைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கம்பித் துண்டை எடுத்து அந்த அறுந்த இழையோடு வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவரும் பார்த்துவிட்டார்.

மானேஜர் மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் கையாலேயே எடுத்துக் கீழே வைத்தார். அவரைப் பார்க்கவும் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

மறுபடி எல்லாவற்றையும் இணைத்தேன். எலெக்ட்ரீஷியன் வராந்தாவுக்குப் போனார். நான் கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. போச்சு என்று நினைத்தேன். பிறகு அது மெதுவாக, சாயங்கால வெளிச்சம் போகிற மாதிரி மங்கி, இழை மட்டும் சிவந்து நின்றது. மீட்டரில் ஒவ்வொரு வோல்டேஜாகப் பார்த்தேன். சரியாக இருந்தன. பல்பைக் கழற்றிவிட்டு நேராக லைன் கொடுத்தோம். பீரோக்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன.

ஜெனரல் மானேஜர் தன் அறைக்குப் போய்விட்டு எங்கள் ஹாலுக்குள் வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததும் கேட்டது ஒன்றுதான். நாசவேலை என்றார்களே, யார், என்ன? மானேஜர் அந்தக் கம்பித் துண்டை விரலில் உருட்டிக்கொண்டு நின்றார். தன் மாலைதான் காரணம் என்று சொன்னால் அவர் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் இன்னொருவர் ஜெயிலுக்குப் போக வேண்டும். அவர் நெற்றியில் வியர்வை விபூதியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. நானே சொல்லிவிடலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

எனக்கு முந்திக்கொண்டு எலெக்ட்ரீஷியன் பேசினார்.

“நாசவேலல்லாம் இல்ல சார். ஆயுத பூஜைக்கு மாலை போட்டோம். அதுல கீற ஜிகினா காத்துல பூந்துகிச்சு. நாங்க அல்லாரும் சேந்து போட்ட மாலை சார்.”

பூஜைக்கு அந்த ஹால் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர் அவர். நாங்க அல்லாரும் என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்புமில்லை, குத்தலுமில்லை. ஜெனரல் மானேஜர் மானேஜரைப் பார்த்தார். அப்போது மானேஜர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாலை நான் போட்டது சார். இவரை நான் தப்பா நெனச்சுட்டேன்” என்றார். ஒருவர் விட்டுக்கொடுத்ததும் இன்னொருவருக்கும் உண்மை சொல்லத் தைரியம் வந்துவிட்டது போல. மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஜெனரல் மானேஜரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும்தான். மாலை ஹாலின் வாசல் நிலைக்கு.

வெளியே வந்தபோது கேட்டில் அவருடைய மனைவி இன்னும் நின்றிருந்தாள். காலையில் வாங்கிய மீன் வெயிலில் கெட்டு, கூடையைச் சுற்றி ஈ மொய்த்தது. புருஷன் வெளியே வருவதைப் பார்த்ததும் முதல் தடவையாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் என் கிழிந்த முந்தானையைப் பார்த்தார். “இன்னா ஆயாம்மா, மிசினு சோறு துன்னுச்சா?” என்றார். காலையில் என்றால் கடித்துக் குதறியிருப்பேன். இப்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நன்றி சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் கூடையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் அந்த வேலையை விட்டுப் போகிற வரைக்கும் அவருக்கு ஆயாம்மாதான். ஆனால் வேறு யாரையும் அப்படிக் கூப்பிட விடமாட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கே அனுப்பமாட்டாள். அவள் போட்டுக்கொடுத்த காப்பியை, ஆறிப்போனதைக்கூட, பேசாமல் குடித்தேன்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. ஏதாவது உடைந்தாலோ கெட்டுப்போனாலோ யார் செய்தது என்று கேட்க என் நாக்கும் எல்லோருடையதையும் போலத் துடிக்கும். அப்போதெல்லாம் அந்த ஜிகினா இழை காற்றில் தலை தூக்கியது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும், வாயை மூடிக்கொள்வேன். நாசவேலை செய்த கை என்று அன்றைக்கு நாங்கள் எந்தக் கையைச் சொன்னோமோ, அந்தக் கையில்தான் என் உயிர் இருந்தது, அது நான் சொல்கிற வரைக்கும் அசையவே இல்லை.